மூன்று பேருக்கு வைத்த காற்று

சேகர், என் ராசா,

இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உப்பளத்தில் இந்த வருஷம் உப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. உன் அக்கா பிள்ளைகளோடு லீவுக்கு வந்திருப்பதால் வீடு ஒரே இரைச்சல். மல்லிகாவுக்குக் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் உன் காரைப் பற்றி.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு நான்கு தடவை என்றால் ஒரு முழு மத்தியானம். திண்டிவனத்து மாமனாருக்குக் கண் மங்கிவிட்டதால் அவருடைய கார் இப்போது மெட்ராசில் உன் வீட்டு வாசலில் நிற்கிறது. அதற்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறாய். சீமந்தத்துக்கு மல்லிகாவை பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு வர உனக்கு மனசில்லை. அதனால் நம் மரக்காணத்தில் நல்ல டிரைவராகப் பார்த்து அனுப்பச் சொல்கிறாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், "நான் ஓட்டி ஒரு தடவை நடந்தது போதும்மா" என்று. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. நான் டிரைவர் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அக்காவிடம் சொன்னால் முத்து முத்தாக எழுதித் தருவாள். ஆனால் இதை இன்னொருத்தர் கையால் எழுதுவது சரியில்லை.

எனக்கு ஞாபகம் ஜாஸ்தி என்று ஊருக்கே தெரியும். என் கல்யாணத்தன்று என்னைப் பார்த்து "பொண்ணு கொஞ்சம் கறுப்புதான்" என்று சொன்ன உன் அத்தை கட்டியிருந்த சேலைக்கு என்ன கரை என்று இன்றைக்கும் சொல்வேன். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுகிறது என்று என்னை நடு ரோட்டில் இறக்கிவிட்ட கண்டக்டருக்கு எந்தக் காதில் கடுக்கன் இருந்தது என்றும் சொல்வேன். யாரையும் நான் சும்மா விட்டதில்லை, மனசுக்குள்ளாவது வைத்துக் கறுவியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு காலைப் பொழுதை மட்டும் எட்டு வருஷமாக வாய் திறந்து சொல்லவில்லை. மறந்து போனதால் இல்லை.

உன் அப்பா உப்பு லாரி ஓட்டி, பிறகு கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, அதற்கும் பிறகு அந்தப் பழைய கறுப்புக் காரை வாங்கினார். காரை வாங்கினாரே தவிர லாரியை விட்டு இறங்கவில்லை. ஒரு சவுக்குக் கட்டையை வைத்துக்கொண்டு டயரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். "டங்குனு கேக்கணும்டா. தொப்புனு கேட்டா அது டயரு இல்ல, தலைகாணி" என்று உனக்கும் சொல்லிக்கொடுத்தார். எட்டு டன் உப்பைத் தாங்கிய டயருக்கு வைத்த காற்றை நம் நாலு பேர் ஏறுகிற டயருக்கும் வைத்தார். அதில் உட்கார்ந்து போனது உரலுக்குள் உட்கார்ந்து போன மாதிரி இருக்கும். ஒரு சின்னக் கல் ஏறினாலும் என் வெற்றிலைப் பெட்டி மூடி திறந்துகொள்ளும். டயர்கள் எல்லாம் நடுவில் மட்டும் வழுக்கையாகி, இரண்டு ஓரமும் புதுசு மாதிரி இருந்தன. அதற்கு அர்த்தம் காற்று அதிகம் என்று பஞ்சர் கடை வீராசாமி ஒரு நாள் சொன்னான். "நீ சைக்கிளுக்கு ஒட்டு போடு" என்று உன் அப்பா அவன் வாயை அடைத்துவிட்டார். நம் தெருவில் இடமில்லாததால் அவன் கடைக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில்தான் கார் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டவனும் அவன்தான்.

உன் சின்னம்மா வீட்டுக்காரரை உன் அப்பா அந்தக் காரில் ஏற்ற மாட்டார் என்பது உனக்குத் தெரியும். உன் அக்கா மஞ்சள் நீராட்டு விருந்தில் அந்த மனிதர் இலை முன்னால் உட்கார்ந்து, "அளத்துக்காரர் வீட்டு ரசத்துல உப்பு இல்ல" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னார். உண்மையாகவே உப்பு இல்லை, நான்தான் போட மறந்திருந்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக என் கூடப் பிறந்தவளுக்குக் காரில் இடமில்லாமல் போனது. சித்திரை மாதம் வானூரில் என் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அளத்தில் உப்பு வாருகிற நேரம், உன் அப்பாவால் வர முடியாது. நீயும் நானும் அக்காவும் போவதாக ஏற்பாடு. உன் சின்னம்மாவுக்கு ஆறு மாதம். அவளும் வீட்டுக்காரரும் மகளும் அனுமந்தையில் ரோட்டோரம் நிற்பது, நாம் போகிற வழியில் ஏற்றிக்கொள்வது என்று அவளுக்கு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தேன். இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் வருவது தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் உன் அப்பா வழக்கம் போல டயரைக் கல்லாக்கிவிட்டு அளத்துக்குப் போனார். காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தாய். அந்த உரலில் ஆறு மாத வயிற்றோடு என் தங்கை உட்கார்ந்து வர வேண்டுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே வீராசாமியிடம் போனேன்.

"ஏம்பா வீராசாமி, டயருல காத்தைக் கொஞ்சம் எறக்கி வுடு. மெத்துனு போவணும்."

"அண்ணன் நேத்துதானே ஏத்துனாரு. கேட்டா என் தோலை உரிச்சிடுவாரு அண்ணி."

"அவரு அளத்துல இருக்காரு. நான் சொல்லிக்கிறேன்."

"எத்தினி பேரு போறீங்க?"

"மூணு பேரு."

"டிக்கியில பாரம் ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல."

அவன் காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்த்துப் பார்த்து நான்கு டயரிலும் இறக்கினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இது மூணு பேருக்குத்தான் அண்ணி. வழியில யாரையாச்சும் ஏத்துனா நிறுத்திக் காத்து அடிச்சிக்கணும். தம்பிகிட்ட மறக்காம சொல்லிடுங்க." நான், "சொல்றேன் சொல்றேன்" என்றேன்.

மூன்று பேர் என்று சொன்னது பொய். உண்மையைச் சொன்னால் அது உன் அப்பா காதுக்குப் போய்விடும் என்று பயந்தேன். ஒண்ணும் இல்லை என்று சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் வேடிக்கை. டிக்கியில் இரண்டு மூட்டை உப்பு இருந்தது. நம் ஊரிலிருந்து கல்யாண வீட்டுக்கு உப்பு மூட்டை இல்லாமல் யார் போயிருக்கிறோம்? என்ன கொண்டு போகிறாய் என்று கேட்டால் பலகாரத்தைச் சொல்வோம், வெற்றிலை பாக்கைச் சொல்வோம், உப்பைச் சொல்ல மாட்டோம். அது சட்டை போட்டுக்கொண்டு போகிற மாதிரி. வருஷக்கணக்காகத் தலையில் உப்பு சுமந்த கழுத்து இது. ஒரு மூட்டை என்ன கனம் என்று இந்தக் கழுத்தைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு ஒண்ணும் இல்லை என்று சொன்னேன், சேகர். எனக்கு உண்மையாகவே அது தோன்றவில்லை.

நீ வந்து சாவியைப் போட்டாய். முந்தின நாள் அப்பா காற்று அடித்ததை நீயே பார்த்திருந்ததால் டயரைக் குனிந்து பார்க்கவில்லை. அனுமந்தையில் அவர்கள் மூன்று பேரும் ஏறினார்கள். டிக்கியில் பையை வைக்கப் போன உன் சின்னம்மா வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வூட்டு காருல மரியாதையா ஏறணும்னா உப்பு மூட்டையா பொறந்திருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "என்னம்மா, ஸ்டியரிங் கனமா இருக்குது. வண்டி ஒரு மாதிரி அலையுது" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். வீராசாமி சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் காற்றை இறக்கச் சொன்னது நான் என்று தெரிந்தால் அது வீட்டுக்குப் போகும், வீட்டில் விசாரணை நடக்கும், என் தங்கையை ஏற்றியதும் வெளியே வரும். "ஆளு ஏறியிருக்குதில்ல, கனமாத்தான் இருக்கும். முகூர்த்தத்துக்கு நேரமாவுது, போ" என்றேன். நீ போனாய். நீ வேகமாகப் போனதும் என் பேச்சைக் கேட்டுத்தான்.

வெயில் ஏறி தார் உருகிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைத் திருப்பத்துக்கு முன்னால் பின்பக்க டயர் வெடித்தது. வண்டியின் பின்பாகம் ஏரிப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. உன் சின்னம்மா வீட்டுக்காரர், "பிரேக்கு போடு, பிரேக்கு போடு" என்று கத்தினார். நீ போடவில்லை. உன் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இறுகி, நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்தேன். வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் திருப்பி, பனைமர வரிசைக்கு நடுவில் மணலில் விட்டு நிறுத்தினாய். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பனை. நடுவில் இருந்த அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சின்னம்மா மகளுக்குக் கை முறிந்தது. உன் சின்னம்மாவுக்கு நெற்றியில் அடி. அந்த வழியாக வந்த லாரியில் அவளைப் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் கழித்து "குழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டரம்மா சொல்லும்வரை நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தைதான் இப்போது மூன்றாம் வகுப்பில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிற உன் தம்பி.

உன் அப்பா அளத்திலிருந்து அப்படியே வந்தார். காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் முன்னால் உன்னை அறைந்தார். "ரேசா வுட்டே? சாவியைக் குடு. இனிமே நீ ஸ்டியரிங்கைத் தொட்டா பாரு" என்றார். நீ சாவியைக் கொடுத்தாய். நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரிடமும் கணக்குத் தீர்க்கிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் திறந்தது, அதுவும் பொய்க்கு. "பையன் மேல தப்பு இல்ல. போன மாசம் வீராசாமி மாட்டுன டியூப்பு பழசு. ஏமாத்திட்டான்" என்றேன். பாதி உன்னைக் காப்பாற்ற, பாதி என்னைக் காப்பாற்ற. உன் அப்பா வெடித்த டயரைக் கொண்டுபோய் வீராசாமி முன்னால் போட்டார். அவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் தப்புதான் அண்ணே" என்றான். அதற்குப் பிறகு நாமும் அவன் கடைக்குப் போகவில்லை, உன் அப்பா பேச்சைக் கேட்ட லாரிக்காரர்களும் போகவில்லை. அப்படியும் உன் அப்பா சாவியை உனக்குத் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை. டியூப் பழசாக இருந்தாலும் மெதுவாகப் போயிருந்தால் வெடித்திருக்காது என்று சாகும்வரை சொன்னார். நீ ஆனி மாதம் மெட்ராசுக்கு பஸ் ஏறினாய். உன் அப்பாவும் எமர்ஜென்சி வருஷத்தில் போய்ச் சேர்ந்தார், அவருக்கும் நான் சொல்லவில்லை. நானோ, சொன்ன பொய்யை நானே நம்பி, வீராசாமி மேல் கோபமாக இருந்தேன். அவன் கடை வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். தப்புச் செய்தவன் மாதிரி அவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் நான் ரோட்டைக் கடந்து அவன் கடைக்குப் போனேன். அவன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி. நீங்க எட்டு வருஷமா நடந்து நடந்து அந்தாண்ட பக்கம் ரோடே தேஞ்சிடுச்சு. இந்தப் பக்கமும் கொஞ்சம் தேயட்டும்."

"உன் நாக்குதான் தேயல."

"டியூப்பு பழசுன்னு சொன்னீங்க, நாக்கையும் சொல்றீங்களா?"

நான் உட்கார ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டான். நீ கார் ஓட்ட மாட்டேன் என்று எழுதியதைச் சொன்னேன். அவன் டியூபைக் கீழே வைத்தான்.

"தம்பிகிட்ட இன்னுமா நீங்க சொல்லல?"

"நீ ஏம்பா சொல்லல? அவரு டயரைக் கொண்டாந்து போட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு அண்ணி. உள்பக்கம் பூரா தூள் தூளா கொட்டுது. காத்து கம்மியா, பாரத்தோட ஓடுன டயரு. மூணு பேரு இல்ல, மூணு மடங்கு ஏறியிருக்குதுன்னு நெனைச்சேன். ஆனா அண்ணன் ஆஸ்பத்திரியில புள்ளையை அடிச்சிட்டு வந்து நிக்கிறாரு. அந்தக் கை இன்னும் ஆறல. நான் உங்க பேரை எடுத்தா அது எங்க போய் வுழும்? நாலு லாரி வராம போனா போவட்டும்னு வுட்டுட்டேன். நீங்களே ஒரு நாள் வந்து சொல்லுவீங்கன்னு தெரியும். இத்தினி நாளாவும்னுதான் தெரியல."

அவன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தேன். என் மேல் ஒரு அடி விழாமல் தடுத்தவனைத்தான் எட்டு வருஷம் முறைத்துக்கொண்டு போயிருக்கிறேன். கோபத்தை நான் எப்படி ஞாபகம் வைத்திருந்தேனோ அப்படி நன்றியையும் வைத்திருந்தால் இந்த வீட்டில் பல பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நல்ல வேளையாக என்னைச் சுற்றி இருந்தவர்கள் என்னைவிட நல்லவர்கள். அது என் அதிர்ஷ்டம்.

இப்போது அவன் சொன்னதைக் கேள். நான் இரண்டு தடவை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். உறை போட்டு நின்ற காரின் டயர் கீழே அமுங்கி வெடிப்பு விட்டிருக்கும், முதலில் அதைப் பார். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடு. எந்தக் காருக்கு எத்தனை பவுண்டு காற்று என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும், மாமனாரிடம் கேட்டு வாங்கு. வீராசாமி தன் வாயால் சொன்னது, உன் மாதிரிக் காருக்கு இரண்டு மூன்று பேர் போனால் முன்னால் இருபத்துநாலு, பின்னால் இருபத்தாறு. குடும்பமே ஏறி டிக்கியும் நிறைந்தால் பின்னால் மட்டும் இன்னும் நாலு கூட. புத்தகம் வேறு சொன்னால் புத்தகத்தைக் கேள், என்னைக் கேட்காதே என்றும் சொன்னான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் சில்லென்று இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் காற்று கூடத்தான் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால், சூடு ஆறியதும் குறைந்து நிற்கும். கட்டையால் தட்டிப் பார்ப்பது, காலால் உதைத்துப் பார்ப்பது எல்லாம் உன் அப்பாவோடு போகட்டும், சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள். மாற்று டயர் ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க மறக்காதே. டயர் நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் கம்மி. மல்லிகாவுக்குக் குலுங்குகிறது என்று தோன்றினால் மெதுவாகப் போ. அவளுக்கு முதுகில் தலையணை வை. டயரில் கை வைக்காதே. அந்தத் தப்பை நான் உனக்கும் சேர்த்துச் செய்து முடித்துவிட்டேன்.

வண்டி அலைகிறது என்று உன் கைக்குத் தோன்றினால் நிறுத்து. பக்கத்தில் யார் என்ன சொன்னாலும், அது நானாக இருந்தாலும், நிறுத்து. அன்றைக்கு உன் கை சரியாகத்தான் சொன்னது. நான்தான் அதன் பேச்சைக் கேட்க விடவில்லை. ஒரு தடவை நடந்தது போதும் என்று எழுதினாயே, அந்த ஒரு தடவை நடந்தது என்ன தெரியுமா? ஆறு பேரும் வயிற்றில் ஒன்றும் ஏரிக்குள் போகாமல் வீட்டுக்கு வந்தோம். அதைச் செய்தது உன் இரண்டு கை. அடி வாங்கிய பிள்ளைக்கு நன்றி சொல்ல அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியும் சொல்லவில்லை. எட்டு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். உன் சின்னம்மா மகனைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கும் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அந்த ரசத்துலயும் நீதானேக்கா உப்பு போடல" என்றாள்.

அதனால் டிரைவர் கிடையாது. மல்லிகாவை நீயே ஓட்டிக் கூட்டிக்கொண்டு வா. சீமந்தம் முடிந்து அவளைத் திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டில் விடப் போகும்போது நானும் வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் எந்தக் காரிலும் ஏறவில்லை. இடுப்பு வலி என்று எல்லோரிடமும் சொல்லி பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது, ஒரு மூட்டை உப்பு டிக்கியில் ஏறும். அன்றைக்குக் காலையில் பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்து. வீராசாமி கேஜை எடுத்துக்கொண்டு வந்து, எத்தனை பேர், டிக்கியில் என்ன என்று கேட்பான். நீ வாயைத் திறக்காதே. நான் சொல்கிறேன்.

உன் அம்மா